காகிதப்பூவுக்கு ஒரு ஸாரி!

இந்த வாரம் ஒரு பந்தயத்தோட ஆரம்பிக்கலாமா? தோத்தா நீங்க எனக்கு ரெண்டு பொரிச்ச பரோட்டா வாங்கித் தரணும். சால்னா எக்ஸ்ட்ரா. ஓகேவா?

கேள்வி ரொம்ப சிம்பிள். உங்க காலேஜ் காம்பவுண்டு சுவர் மேல காகிதப்பூ செடி படர்ந்து கிடக்கும்ல... அதான் பாஸ், போகன்வில்லா. அதோட பூ என்ன கலர்?

"பிங்க்", "எங்க காலேஜ்ல ஆரஞ்சு", "எங்க ஹாஸ்டல் வாசல்ல வெள்ளை கூட இருக்கே"... அப்படின்னு மனசுக்குள்ள சொன்ன அத்தனை பேரும் அவுட்! எடுங்க பர்ஸை!

நம்பலையா? நாளைக்கு முதல் ஹவர் பங்க் அடிச்சாலும் பரவாயில்ல, அந்தச் செடிகிட்ட போய் நில்லுங்க. ஒரு கொத்தைப் பிச்சுப் பாருங்க. கலர் பேப்பர் மாதிரி மூணு இருக்கும். ஒவ்வொரு பேப்பருக்கும் நடுவுல, குண்டூசியை விட கொஞ்சம் தடியா ஒரு சின்னக் குழாய் ஒட்டியிருக்கும். அதோட நுனி மட்டும் வெளிறின வெள்ளையில நட்சத்திரம் மாதிரி விரிஞ்சிருக்கும். அந்தத் துக்கடாதான் பூ! சுத்தி இருக்கிற பிங்க், ஆரஞ்சு, மஞ்சள் எல்லாமே இலை. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, இலையில இருக்கற மாதிரியே நடு நரம்பும் கிளை நரம்பும் ஓடும்.

மூணு வருஷமா தினமும் அந்தச் செடியைத் தாண்டித்தான் லேபுக்குப் போயிட்டு வந்தேன். பயோ-மேத்ஸ் எடுத்த ரூம்மேட் சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. நான் ப்ளஸ் டூவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். நமக்கு பூன்னா மல்லி, பிச்சி, கனகாம்பரம். அதுவும் முழம் என்ன விலைங்கறது மட்டும்தான்!

இலைக்கு எதுக்கு மேக்கப்?

இதுக்குத் தமிழ்ல அழகா ஒரு பேரு இருக்கு. பூவடிச் செதில். பதினோராங்கிளாஸ் தாவரவியல் புஸ்தகத்துல இருக்கும். பூவோ பூங்கொத்தோ எந்த இலையோட கக்கத்துலருந்து கிளம்புதோ, அந்த இலைதான் பூவடிச் செதில். சில செடிகள்ல அது சாதா இலை மாதிரியே பச்சையா இருக்கும். சிலதுல கண்ணுக்கே தெரியாத அளவு சுருங்கிப் போயிருக்கும். சிலதுல நிறம் மாறி, வடிவம் மாறி, "நான்தான் ஹீரோயின்"னு வந்து நிக்கும்.

காகிதப்பூவுல இந்த செதிலுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு விளம்பரம். அந்தத் துக்கடா பூவை எந்தப் பூச்சியும் தூரத்துலருந்து பார்க்காது. அதனால செதில் போஸ்டர் ஒட்டிக் கூப்பிடுது. ரெண்டாவது வேலை, டிரான்ஸ்போர்ட். பூ முடிஞ்சதும் செதில் காய்ஞ்சு, காயையும் கட்டிக்கிட்டு காத்துல பறக்கும். நம்ம ஊர் ரோட்டோரத்துல சரசரன்னு உருளுற பிங்க் சருகு அதேதான்.

கிறிஸ்துமஸ் சமயத்துல கடைகள்ல சிவப்பா ஒரு தொட்டிச் செடி வைப்பாங்களே, பாயின்செட்டியா... அந்த சிவப்பும் இலைதான். நடுவுல மஞ்சளா குட்டிக் குட்டியா இருக்கறதுதான் பூ. கல்யாண வரவேற்புல பொக்கே நடுவுல பிளாஸ்டிக் மாதிரி பளபளன்னு ஒரு சிவப்பு ஹார்ட் இருக்கும்ல, ஆந்தூரியம்? அந்த ஹார்ட்டும் ஒரே ஒரு செதில். நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கற குச்சியிலதான் நூத்துக்கணக்குல பூ. ஆக, ஆளுக்கு ஹார்ட் கொடுத்தோம்னு நினைச்சவங்க எல்லாம் கொடுத்தது இலை. சாரி மக்களே!

முத்துக்கு பேர் போன ஊருக்காரி நான். எங்க ஊர்க் கணக்குல சொல்லணும்னா, முத்தைத் தூக்கி எறிஞ்சுட்டு சிப்பியைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியற கதை இது.

கப்பல்ல வந்த பேரு

போகன்வில்லாங்கற பேரு எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? லூயி அந்துவான் தெ போகன்வில்ங்கற பிரெஞ்சு கப்பல் தளபதி. 1766-ல உலகத்தைச் சுத்தக் கிளம்பினார். அந்தப் பயணத்துல தாவரவியல் நிபுணரா போனவர் ஃபிலிபேர் கமர்சன். 1767-ல பிரேசில்ல ரியோ டி ஜெனிரோவுல நின்னப்போ இந்தக் கொடியை எடுத்தாங்க. தளபதி பேரையே வச்சாங்க.

இதுல சுவாரஸ்யமே இன்னொரு ஆளுதான். கமர்சனோட உதவியாளா கப்பல்ல ஏறின "பையன்" ஒருத்தர். மூட்டை சுமக்கிறது, மலை ஏறுறது, செடி பறிச்சு அமுக்கி வைக்கிறது எல்லாம் அவர் பொறுப்பு. கமர்சனுக்குக் கால்ல புண் வேற. அதனால பல இடத்துல அலைஞ்சு திரிஞ்ச வேலை அந்த உதவியாளோடதுதான். 1768-ல டஹிட்டி தீவுல குட்டு உடைஞ்சுது. அது பையன் இல்ல. ஜீன் பாரேங்கற பொண்ணு! பிரெஞ்சு கடற்படைக் கப்பல்ல பொண்ணுங்க ஏறவே கூடாதுங்கற காலம் அது. மார்பை இறுக்கிக் கட்டிக்கிட்டு, ஆம்பளை டிரெஸ் போட்டுக்கிட்டு ஏறியிருக்காங்க.

உலகத்தையே சுத்தி வந்ததா நமக்குத் தெரிஞ்ச முதல் பொண்ணு அவங்கதான். 1785-ல பிரெஞ்சு கடற்படையே அவங்களுக்கு ஒரு பென்ஷன் கொடுத்துச்சு. ஆனா ஒரு செடிக்கு அவங்க பேரை நிலைக்கிற மாதிரி வைக்கறதுக்கு 2012 வரைக்கும் ஆச்சு. தென் அமெரிக்காவுல கிடைச்ச, நம்ம கத்திரிக்காய் குடும்பத்துச் செடி ஒண்ணுக்கு சொலானம் பாரேடியேன்னு வச்சாங்க.

எங்க மெக்கானிக்கல் கிளாஸ்ல அறுபது பேர்ல நாலு பொண்ணுங்க. வொர்க்‌ஷாப்ல ஃபைலிங் போட்டுக்கிட்டு இருக்கும்போது ஜீன் பாரே ஞாபகம் வரும். காகிதப்பூவைப் பார்த்தா இப்போல்லாம் எனக்கு தளபதி முகம் வர்றதில்ல. நடுவுல இருக்கற அந்தத் துக்கடாவைத்தான் தேடுது கண்ணு.

தாழம்பூவுக்கு ஜாமீன்!

சரி, வெளிநாட்டுக் கதை போதும். நம்ம கடற்கரைக்கு வாங்க. ஓடையோரம், உப்புக் காத்து அடிக்கற மணல்ல, ரெண்டு பக்கமும் முள்ளு வச்ச இலையோட புதரா நிக்குமே, தாழை? பாட்டி காலத்துல ஜடையில தாழம்பூ வச்சுப் பின்னுவாங்க. பீரோவுல பட்டுப்புடவை மடிப்புல ஒரு மடல் வச்சா வருஷம் முழுக்க வாசம்.

அந்த மடல் பூ இல்ல, பூவடிச் செதில்! தாழையில ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. வாசம் ஆண் பூங்கொத்துல. வெளிர் மஞ்சளா நீளமா இருக்கற செதில்களை விலக்கினா உள்ளே மகரந்தம் கொட்டற கதிர்கள் இருக்கும். அந்தப் பூவுக்கு இதழ்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஒடிசாவோட கஞ்சம் பக்கத்துல இதைக் காய்ச்சித்தான் கேவ்டா அத்தரும் பன்னீரும் எடுக்கறாங்க. பிரியாணியில ரெண்டு சொட்டு விடுவாங்களே, அந்த வாசம்தான்.

தாழம்பூ மேல ஒரு கேஸ் இருக்கு, ஞாபகம் இருக்கா? சிவன் முடியைப் பார்த்துட்டேன்னு பிரம்மா பொய் சொன்னப்போ, "ஆமா சாமி, பார்த்தாரு"ன்னு பொய்ச் சாட்சி சொன்னது தாழம்பூ. அதனால சிவன் பூஜைக்கு அது ஆகாதுன்னு சாபம். மை லார்ட், என் கட்சிக்காரர் பூவே இல்ல, இலை! ஆளையே தப்பா அடையாளம் காட்டிட்டாங்க. கேஸைத் தள்ளுபடி பண்ணணும்! சரி, விளையாட்டு போதும். ராமநாதபுரம் மாவட்டம் உத்திரகோசமங்கையில சிவனுக்கே தாழம்பூ சாத்தறாங்க. அப்பீல்ல ஜெயிச்சாச்சு போல.

தட்டுல ஒண்ணு, தண்ணிக்குள்ள ஒண்ணு

ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் பக்கம் பஸ்ல போனா ரெண்டு பக்கமும் வாழை. குலை தள்ளற வாழையை ஒரு பத்து நாள் பார்த்துக்கிட்டே இருங்க. கருஞ்சிவப்பு மடல் ஒண்ணு மெதுவா மேல தூக்கும். அதுக்குக் கீழ ஒரு வரிசைப் பூ. மடல் சுருண்டு உதிரும். அடுத்த மடல் தூக்கும். அடுத்த வரிசை. முதல்ல வர்ற வரிசைகள்தான் பெண் பூ, அதுதான் சீப்பாகும். அப்புறம் வர்றதெல்லாம் ஆண் பூ, காயாகாது. நாம வடை தட்டறது பெரும்பாலும் அதை வச்சுதான். அம்மா கள்ளன் எடுக்கச் சொல்லி முறத்தை நம்ம முன்னாடி தள்ளுவாங்களே, அப்போ தூக்கிப் போடுற சிவப்பு மடல் அத்தனையும் பூவடிச் செதில். ஒரு வரிசைப் பூவுக்கு ஒரு வாட்ச்மேன்.

2023 டிசம்பர்ல எங்க மாவட்டத்துல பேய்ஞ்ச மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ரெண்டு கரையும் புரண்டு ஓடினதுல வாழைத் தோட்டம் எல்லாம் தண்ணிக்குள்ள. தண்ணி வடிஞ்சப்புறம் குலையோட சாய்ஞ்சு கிடந்த வாழைகளைப் பார்த்தேன். அப்போ அதுல பூ எது, செதில் எதுன்னு பார்க்கற மனநிலை யாருக்கும் இல்ல. ஒரு மடலுக்கு ஒரு சீப்புங்கற கணக்கு, தோட்டக்காரருக்கு ஒரு மடலுக்கு இவ்வளவு ரூபாய்ங்கற கணக்கு.

சோத்துலயும் இருக்கு. நெல்லைப் பூன்னு நாம நினைக்கறதே இல்ல. காலையில கொஞ்ச நேரம்தான் அது திறக்கும். ரெண்டு செதில் வாய் பிளக்கும், மகரந்தம் கொட்டும், மறுபடி வாயை மூடிக்கும். மூடின வீட்டுக்குள்ளயே அரிசி வளரும். அந்த ரெண்டு செதிலுக்குத்தான் உமின்னு பேரு. ரைஸ்மில்லுல ஊதித் தள்ளற உமி!

இன்னும் ஒண்ணு சொன்னா நம்பமாட்டீங்க. கடலுக்குள்ளயும் பூ இருக்கு. பாசி இல்ல, நிஜமாவே பூக்கற செடி. கடல் புல். மன்னார் வளைகுடாவுல முத்துச் சிப்பி கிடந்த அதே கடல்ல, ஆழம் கம்மியான இடங்கள்ல புல்வெளி மாதிரி பரவியிருக்கு. ஹாலோஃபிலாங்கற சின்ன வகையில ஒவ்வொரு பூவையும் ரெண்டு செதில் சேர்ந்து பொத்தி வச்சிருக்கும். எனாலஸ்ங்கற பெரிய வகையில இன்னும் அதிசயம். ஆண் பூக்கள் மடலை விட்டு அறுத்துக்கிட்டு, வெள்ளைப் பொடி மாதிரி தண்ணி மேல மிதந்து போய், வத்தம் நேரத்துல மேல எட்டிப் பார்க்கற பெண் பூவைத் தேடிப் பிடிக்கும். கடல்ல படகு விடற மாப்பிள்ளை!

தூத்துக்குடியில அரசாங்கம் நடத்தின கடைசி முத்துக்குளிப்பு 1961. அப்புறம் கூப்பிடற அளவுக்கு சிப்பி சேரவே இல்ல. 1973-ல விஞ்ஞானி கே.அழகர்சாமி தலைமையில இதே தூத்துக்குடியிலதான் இந்தியாவோட முதல் வளர்ப்பு முத்து எடுத்தாங்க. பவளப்பாறையை வருஷக்கணக்கா வெட்டி எடுத்ததுல, எங்க தீவு வரிசையில இருந்த விலாங்குச்சல்லி தண்ணிக்குள்ளேயே போயிடுச்சு. கடல் புல் போச்சுன்னா அடியில மணலைப் பிடிச்சு வைக்க ஆள் இல்ல, மீன் குஞ்சுக்கு வீடு இல்ல, ஆவுளியாவுக்கு சாப்பாடு இல்ல. தூத்துக்குடியில இருக்கற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க கடலுக்குள்ள இறங்கி இந்தப் புல்லை நாத்து நடற மாதிரி நட்டுக்கிட்டு வர்றாங்க.

பாளையும் ராக்கெட்டும்

இப்போ என்னோட ஏரியா.

மெக்கானிக்கல் ஸ்டூடன்ட் யாரா இருந்தாலும் ராக்கெட்னா ஒரு கிறுக்கு இருக்கும். ராக்கெட் தலையில கூம்பு மாதிரி ஒரு மூடி இருக்கும்ல, அதுக்கு வெப்பக் கவசம்னு பேரு. உள்ளே சாட்டிலைட் பத்திரமா இருக்கும். காத்து உரசற சூடு, அழுத்தம் எல்லாத்தையும் அந்த மூடி வாங்கிக்கும். நூறு கிலோமீட்டருக்கு மேல போய் காத்து இல்லாத இடம் வந்ததும், ரெண்டாப் பிளந்து கழண்டு விழுந்துடும். அது கழண்டாத்தான் சாட்டிலைட்டுக்கு வாழ்க்கை. 2017 ஆகஸ்ட் 31-ல பி.எஸ்.எல்.வி. சி-39 போச்சே, அப்போ அந்த மூடி கழண்டுக்கல. ராக்கெட் பறந்துச்சு, எஞ்சின் வேலை செஞ்சுச்சு, ஆனா சாட்டிலைட் மூடிக்குள்ளயே மாட்டிக்கிட்டு வேஸ்ட்டாப் போச்சு.

தென்னம்பாளையை எடுத்துக்கோங்க. படகு மாதிரி கெட்டியா ஒரு மூடி, உள்ளே பூங்கொத்து. வெயிலையும் மழையையும் மூடி தாங்கிக்கும். பூ தயாரானதும் நீளவாக்குல வெடிச்சுத் திறக்கும். வெப்பக் கவசத்தோட அதே டிசைன்! அந்த மூடியும் பூவடிச் செதில்தான். (பாக்குமட்டைத் தட்டையும் இதுல சேர்த்துடாதீங்க. அது நிஜ இலையோட அடி. செதில் இல்ல. செமஸ்டர்ல கேட்டா மார்க் போயிடும்!)

பனையில இன்னும் நுணுக்கம். பெரிய ஒத்தை மூடி கிடையாது. ஒண்ணு மேல ஒண்ணா உறை மாதிரி செதில்கள் காம்பைச் சுத்தியிருக்கும். ஆண் பனையில விரல் விரலா நீண்ட கதிர் வரும். அந்த விரல் மேலயும் ஓடு வேய்ஞ்ச மாதிரி செதில். ஒவ்வொரு செதிலுக்கு அடியிலயும் ஒரு குழி, குழிக்குள்ள பூ.

இதெல்லாம் புஸ்தகத்துல படிச்சதுதான். ஆனா பனம்பாளையை நான் பத்து வயசுலயே கையில வச்சுப் பார்த்திருக்கேன். எங்க தாத்தா பனையேறி.

உடன்குடி, குலசேகரப்பட்டினம் பக்கம் வந்திருந்தா தேரிக்காடு பார்த்திருப்பீங்க. செவேல்னு செம்மண்ணு, மேடு மேடா. நடுவுல பனை. தாத்தா விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடுவார். கால்ல தளைநார், இடுப்புல பாளை அரிவாள், கலயம். அறுபது எழுபது அடி. கயிறு கிடையாது, பெல்ட் கிடையாது. நாம ஹைட் ஒர்க் சேஃப்டின்னு பரீட்சைக்கு எழுதறோமே, அதுல ஒண்ணு கூடக் கிடையாது.

மேல போய் என்ன செய்வார்ங்கறதுலதான் விஷயம். பாளை விரிஞ்சு பூக்க விட்டா பதநீர் இல்ல. அதனால விரியறதுக்கு முன்னாடியே கடிப்பு வச்சு நசுக்கி, நாரால சேர்த்துக் கட்டி, தினமும் நுனியை மெல்லிசா சீவி விடணும். பூவுக்குன்னு மரம் அனுப்பற சாறு சொட்டு சொட்டா கலயத்துல இறங்கும். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவியிருந்தா பதநீர், இல்லாட்டி புளிச்சுக் கள்ளு. ஒரு நாள் சீவாம விட்டா வெட்டு வாய் காய்ஞ்சு அடைச்சுக்கும். அதனால பனையேறிக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது. காலையிலயும் ஏறணும், சாயங்காலமும் ஏறணும். சீவல் தடிமனா போனா பாளை சீக்கிரம் தீர்ந்துடும். மெல்லிசா போனா சாறு வராது. அதுக்கு எந்த வெர்னியர் காலிப்பரும் கிடையாது, தாத்தா கைதான்.

கீழ விடிலிக்குள்ள பாட்டி. புகையில கண்ணு சிவக்க, பதநீரைக் காய்ச்சிக் கிண்டிக் கிண்டி, பதம் பார்த்து சிரட்டையில ஊத்தினா கருப்பட்டி. இன்னைக்கு புவிசார் குறியீடு வாங்கியிருக்கற உடன்குடி கருப்பட்டிக்கு இதுதான் பேக்டரி.

பத்து வயசுல ஒருநாள் தாத்தாகிட்ட கேட்டேன். "தாத்தா, நீங்க சீவுறதால மரம் பூக்கவே மாட்டேங்குதே, பாவம் இல்லையா?"

"ஏட்டி, எல்லாப் பாளையையுமா சீவுதேன்? அதுக்குன்னும் விடணும்ல. எல்லாத்தையும் நாமளே எடுத்துட்டா மரம் நம்மள நம்புமா?"ன்னார்.

நான் போட்ட மூடி

இப்போ பரோட்டா பந்தயத்தை விட முக்கியமான ஒரு தோல்வி. இது என்னோடது.

ஃபர்ஸ்ட் இயர், முதல் நாள். எல்லாரும் எழுந்து நின்னு பேரு, ஊரு, வீட்டுல என்ன பண்றாங்கன்னு சொல்லணும். எனக்கு முன்னாடி இருந்தவ அப்பா பேங்க் மேனேஜர், அவளுக்கு முன்னாடி இருந்தவன் அப்பா ஹார்பர்ல ஆபீஸர். என் முறை வந்துச்சு. அப்பா சின்ன வயசுலயே தவறிட்டார், தாத்தாதான் படிக்க வைக்கறார். "தாத்தா என்ன பண்றாங்க?" "விவசாயம், சார்."

பொய் இல்ல. ஆனா உண்மையும் இல்ல. பனையேறின்னு சொல்ல நாக்கு வரல. பின்னாடி ரெண்டு பேர் சிரிப்பாங்கன்னு பயம். அந்த வார்த்தை மேல ஒரு அழகான மூடியைப் போட்டேன். மூணு வருஷம் அது கழளவே இல்ல. அறுபது அடி உசரத்துல அவர் சீவின ஒவ்வொரு சொட்டும்தான் என்னோட செமஸ்டர் ஃபீஸ். அது மூடிக்குள்ளயே கிடந்துச்சு.

போன வருஷம் தாத்தா ஏறறதை நிறுத்திட்டார். முட்டி போச்சு. அவர் ஏறின மரங்கள்ல இப்போ பாளை தானா விரிஞ்சு காய்ஞ்சு தொங்குது, ஏற ஆள் இல்ல. ஊர்ல இப்போ ஏறறவங்கள்ல என் வயசுப் பையன் ஒருத்தனும் இல்ல. நான் அவங்களைக் குறை சொல்ல முடியாது. நானே சொல்லக் கூசின வேலையை அவன் ஏன் செய்யணும்? சந்தையில சீனி கலந்த கருப்பட்டி குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும்போது, சுத்தமா காய்ச்சறவங்களுக்கு என்ன மிஞ்சும்?

2021-ல தமிழ்நாட்டோட முதல் வேளாண் பட்ஜெட்ல, கலெக்டர் அனுமதி இல்லாம பனையை வெட்டக்கூடாதுன்னு அறிவிச்சாங்க. நல்ல விஷயம். மரத்துக்கு ஒரு பாதுகாப்பு வந்துச்சு. ஏறறவர் காலுக்குக் கீழ பாதுகாப்பா ஒரு கருவி வேணும். லேசா, குறைஞ்ச விலையில, தேரி மணல்ல தூக்கிக்கிட்டுப் போற மாதிரி, ஒரு நாளைக்கு முப்பது மரம் ஏறி இறங்கினாலும் வேகம் குறையாத மாதிரி. கடையில கிடைக்கற ஏறும் மிஷினை தாத்தா ஒரு தடவை போட்டுப் பார்த்தார். "இதை ஒரு மரத்துல கழத்தி அடுத்த மரத்துல மாட்டறதுக்குள்ள நான் மூணு மரம் ஏறிடுவேன்"ன்னு கழத்தி வச்சுட்டார். தென்னைக்குப் போட்ட டிசைன் அது. பனையோட அடி பருமன் வேற, பட்டை வேற. அதைச் சரி பண்றது மெக்கானிக்கல் வேலை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இதைத்தான் எடுத்திருக்கேன். மேல ஏறினதும் பாளைகிட்ட ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கணும், அதுதான் கஷ்டமா இருக்கு. ஐடியா இருக்கறவங்க கிளாஸுக்கு வந்து சொல்லலாம். டீ என் செலவு.

அதே குலசேகரப்பட்டினத்துலதான் 2024 பிப்ரவரி 28-ல இஸ்ரோவோட ரெண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. அங்கிருந்து நேரா தெற்க விட்டா இலங்கையைச் சுத்தி வளைஞ்சு போக வேண்டாம், எரிபொருள் மிச்சம். சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய லாபம். பேப்பர்ல படிச்சதும் துள்ளிக் குதிச்சேன். தாத்தாகிட்ட ஓடிப்போய், வெப்பக் கவசம் எப்படிப் பிளக்கும்னு கையால செஞ்சு காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, "இது நம்ம பாளைதான?"ன்னு கேட்டார்.

ஆமா தாத்தா. நம்ம பாளைதான்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், நாளைக்கு அந்தக் காகிதப்பூகிட்ட போறப்போ, கலரைப் பார்த்துட்டு அப்படியே வந்துடாதீங்க. நடுவுல இருக்கற துக்கடாவையும் பாருங்க. மூணு வருஷமா பேரு தப்பாச் சொல்லிக்கிட்டு இருந்ததுக்கு நான் ஒரு ஸாரி சொல்லிட்டேன். வரப்போற ப்ராஜெக்ட் ரிவ்யூவுல முதல் ஸ்லைடுல என் பேருக்குக் கீழ ஒரு வரி போடப் போறேன்: "பனையேறியின் பேத்தி."

பின்னாடி ரெண்டு பேர் சிரிச்சா சிரிக்கட்டும். அவங்ககிட்ட காகிதப்பூ என்ன கலர்னு கேட்டு, ரெண்டு பரோட்டா வாங்கிக்கறேன்!

அடுத்த வாரம் பார்ப்போம். டாட்டா!